மூன்றாவது பெயர்

போன மாதம் உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்து, கட்டப்போகும் ஒரு தெருவின் வரைபடத்தை விரித்துக் காட்டினீர்கள். மண் சுவர், மழைநீர்த் தொட்டி, கூரையில் சூரியத் தகடு, நடுவில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே எரிவாயுக் கலன். எப்படி இருக்கிறது சார் என்று கேட்டீர்கள். நான் காப்பி குடியுங்கள் என்றேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, கிழவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கும்.

பிடிக்காமல் இல்லை. வெயில் எந்தப் பக்கம் விழும், கணவாய்க் காற்று எந்த மாதம் எப்படி வீசும் என்றெல்லாம் அழகாகப் போட்டிருந்தீர்கள். அந்தத் தெருவில் ஒருவர் செத்துப்போனால் அன்றைக்கு என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இல்லை. என் படத்திலும் இருந்ததில்லை. அதைச் சொல்ல வாய் வராமல்தான் காப்பி குடிக்கச் சொன்னேன். இப்போது எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கு உற்சாகம் பொங்கும் என்று நினைக்க வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு வீட்டுத் திட்டத்தில் ஓவர்சியராக இருந்தேன். மீசை சரியாக முளைக்கவில்லை என்றாலும், உலகத்தையே திருத்திவிடுவேன் என்ற நினைப்பு நன்றாக முளைத்திருந்தது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எட்டு வீடு கொண்ட ஒரு தெருவைக் கட்டினோம். முடிந்தவரை எதையும் வெளியிலிருந்து வாங்கி வரக்கூடாது என்பது எங்கள் பிடிவாதம். கிணறு தோண்டிய மண்ணே சுவருக்குக் கல்லானது. கூரைக்குப் பனஞ்சட்டம், மேலே நாட்டு ஓடு. குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. கிழக்குக் கோடியில் எட்டு வீட்டு மாடுகளுக்கும் ஒரே கொட்டகை. அதை ஒட்டிச் சாண எரிவாயுக் கலன். தெருவில் அதற்கு கோபர் கேஸ் என்று பெயர். தரைக்குள் வட்டமாக ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்துவைத்த இரும்பு டிரம். சாணத்தைக் கரைத்து ஊற்றினால் கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அங்கிருந்து எட்டு வீட்டு அடுப்படிக்கும் குழாய் போட்டிருந்தோம்.

இதெல்லாம் எதற்கு என்றால் விறகுக்காக. பெண்கள் விறகு பொறுக்க மலையடிவாரம் வரை நடக்க வேண்டியிருந்தது. காட்டைக் காவல் காக்கும் கார்டு கண்ணில் பட்டுவிட்டால் கொடுவாளைப் பிடுங்கிக்கொள்வான், வாய்க்கு வந்ததைப் பேசுவான். ரேஷன் மண்ணெண்ணெய் வந்த அன்றே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் ஈரப் பனமட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்து கிடந்தவர்கள் அவர்கள். கோபர் கேஸுக்கு முதலில் சம்மதித்தவள் கடைசி வீட்டு மயிலாத்தாள். சாணத்துத் தீயில் சோறாக்குவதா என்று மற்ற பெண்கள் முகம் சுளித்தபோது, இத்தனை நாள் வரட்டியில் ஆக்கியதைத் தின்றுதானே வளர்ந்தீர்கள் என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தாள். அவள் அடுப்பில் நீலமாகத் தீ எரிந்த அன்று கொடுவாளைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தாள். அணில் வருகிறது என்று சொல்லிப் புகை போகிற ஓட்டையையும் அடைத்துவிட்டாள். புகையே இல்லாத வீட்டுக்கு அது எதற்கு? அவளைப் பார்த்து எட்டு வீட்டிலும் அடைத்தார்கள். அவள் வீட்டில் வெள்ளையடித்த அடுப்படிச் சுவர் வெள்ளையாகவே இருந்தது, வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய் அதைக் காட்டுவாள்.

கேஸ் நாள் முழுதும் வராது. காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் திறந்து விடுவார்கள். டிரம்முக்குப் பக்கத்தில் பெரிய வால்வு ஒன்று இருந்தது. அதைத் திறந்து மூடுகிற பொறுப்பு முதல் வீட்டுக் கிட்டுச்சாமி அண்ணனுக்கு. இதில் ஒரு ஆபத்து உண்டு. பெரிய வால்வை மூடினால் அடுப்பெல்லாம் தானாக அணைந்துவிடும். தானாக அணைந்த அடுப்பின் திருகை மூட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அது திறந்தே கிடக்கும். மறுபடி பெரிய வால்வைத் திறந்தால் கேஸ் அடுப்படியில் நிறைந்துவிடும். அதனால் கிட்டுச்சாமி அண்ணன் வால்வில் கை வைக்கும் முன் தெருவைப் பார்த்து நின்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எல்லோரும் பேசி முடிவு செய்திருந்தோம்.

"ராமாத்தா, மூடியாச்சா அம்மிணி?"

"மூடியாச்சுங்க."

முதலில் அவருடைய மருமகள் ராமாத்தாள், அடுத்து பாப்பாத்தி, மூன்றாவது தெய்வாத்தாள், இப்படியே வரிசையாகப் போய்க் கடைசியில் மயிலாத்தாள். எட்டு பதிலும் வந்த பிறகுதான் வால்வைத் தொடுவார். பதில் வராத வீட்டுக்கு ஆள் போய்ப் பார்க்கும். அவருக்கு நல்ல கணீர்க் குரல். தெருப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு பிள்ளை கலன் மேட்டில் நின்று கூப்பிட, மற்றவை மூக்கால் பதில் சொல்லும். இப்படி இரண்டு வருடம் போல ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வெளியூர் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வீட்டு வேலுச்சாமி ஒரு நாள் காலையில் பால் கறந்துகொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலி. தூக்கி வீட்டுக்குள் கிடத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெய்வாத்தாளின் அலறல் கேட்டதும் கிட்டுச்சாமி அண்ணன் முதல் காரியமாகப் பெரிய வால்வை மூடினார். தெருவில் பிணம் கிடக்கும்போது எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. எட்டு வீட்டு அடுப்பும் அவர் கையில் இருந்தது, அவர் எட்டையும் அணைத்தார். அந்த நேரத்தில் எல்லா அடுப்பிலும் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பூனை வாய் வைத்துவிடும் என்று அடுப்படிக் கதவையும் ஜன்னலையும் இழுத்துச் சாத்திவிட்டு ஓடினாள். அந்த அவசரத்திலும் கதவைச் சாத்த அவளுக்குத் தோன்றியது.

தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் எடுத்தார்கள். ஆண்களோடு நானும் சுடுகாடு வரை போனேன். வேலுச்சாமியின் சின்னப் பிள்ளைகள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது கிட்டுச்சாமி அண்ணனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்து வீட்டில்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். அதனால் சிதைக்குத் தீ வைத்ததும் அவர் வாய்க்காலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு முன்னால் கிளம்பினார். நானும் கூடவே வந்தேன். அவர் நேராகக் கிழக்குக் கோடிக்குப் போனார். நான் வேலுச்சாமி வீட்டு வாசலில் போட்டிருந்த பெஞ்சுகளை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

வீடுகளைக் கழுவிவிட்டுப் பெண்கள் பின்பக்கம் பொதுக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. சாவு விழுந்த தெருவில் வருகிறவர்களை வாங்க என்று சொல்ல மாட்டார்கள். போகிறவர்களும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். ஒருவர் பெயரை இன்னொருவர் உரக்கக் கூப்பிட மாட்டார்கள். இது எனக்கும் தெரியும், நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான்.

கிட்டுச்சாமி அண்ணன் யாரையும் கூப்பிடாமல் வால்வைத் திறந்தார்.

ஏன் கூப்பிடவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் அவரிடம் கேட்டார்கள். என்னிடம் மட்டும்தான் அவர் பதில் சொன்னார்.

"மூணாவது பேரு தெய்வாத்தா பேருங்க தம்பி. தாலியறுத்து உக்காந்திருக்கற புள்ளைய, அடுப்பு மூடியாச்சான்னு நான் எப்படிங்க கேக்கறது? அவள உட்டுப்போட்டு மத்தவங்களக் கூப்புட்டா, இனி இந்தத் தெருவுல உனக்கு அடுப்பில்லைன்னு சொன்ன மாதரி ஆயிப்போயிருமுங்க. அதுக்காகத்தான் ஒருத்தரையும் கூப்புடல."

மயிலாத்தாள் மற்றவர்களுக்கு முன்பே குளித்துவிட்டு, வேலுச்சாமியின் பிள்ளைகளுக்குச் சோறாக்கத் தன் அடுப்படிக்குள் போனாள். காலையில் விட்டுப்போன பால் அடுப்பின் மேலேயே ஆறிக் கிடந்திருக்கும். காலையிலிருந்து அழுது மூக்கடைத்திருந்தவளுக்குக் கேஸ் வாடை தெரிந்திருக்காது. இருட்டாக இருந்த அடுப்படியில் அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். பெரிய வெடிச்சத்தம் எதுவும் இல்லை. புஸ் என்று ஒரு சத்தம், ஒரு ஈரத் துணியை உதறினால் கேட்கும் அளவுக்கு. அவள் வீட்டு ஓடுகள் கொஞ்சம் எழும்பி விழுந்ததைத் தெருவில் நின்ற நான் பார்த்தேன். பிறகுதான் அவள் குரல் கேட்டது. ஜன்னல் கதவு தெறித்துத் திறந்திருந்தது, அதன் வழியாக அவள் கை தெரிந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து கிழக்கே வால்வு, மேற்கே அவள் வீடு. நான் கிழக்கே ஓடினேன்.

நிதானமாக யோசித்து ஓடினேன் என்று சொன்னால் பொய். ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் அதே பக்கம்தான் வருகிறது. திருகு திறந்திருக்கிற அடுப்பில் தீ கொட்டிக்கொண்டே இருக்கும். மற்ற ஏழு அடுப்படியிலும் கேஸ் நிறைந்துகொண்டிருந்தது. யாராவது ஒருத்தி விளக்குப் பொருத்தினால் போதும். கிட்டுச்சாமி அண்ணன் வால்வைப் பிடித்தபடி உறைந்து நின்றார். அவர் விரல்களைப் பிரித்தெடுத்துத்தான் நான் வால்வை மூட வேண்டியிருந்தது. அப்புறம் யாரும் நெருப்புப் பற்றவைக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரும்பி ஓடினேன். அன்று அந்தத் தெருவில் உரக்கப் பேசிய முதல் ஆள் நான்தான்.

போய்ச் சேர்வதற்குள் கிணற்றடியில் இருந்த பெண்கள் இரண்டு பேர் சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு உள்ளே புகுந்து அவளைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஈரம்தான் அவள் உயிரைக் காப்பாற்றியது. வலது கை முழங்கைக்கு மேல் வரை, கழுத்து, ஒரு பக்கக் கன்னம் எல்லாம் வெந்துபோயிருந்தன. தேங்காய் ஏற்ற வந்த லாரி ஒன்றை நிறுத்தி, மாநில எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் குறுக்குக் கட்டையைத் தூக்கச் சொல்லிக் கெஞ்சி, பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனோம். வேலுச்சாமியின் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றே வழி முழுக்க அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவளைச் சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"ஏனுங்க தம்பி, ஜன்னல் வழியாப் பாத்தனுங்க. நீங்க அக்கட்டால ஓடுனீங்க."

ஆமாம் அக்கா, அந்தப் பக்கம்தான் ஓடினேன் என்றேன்.

"செரிதானுங்க. இல்லாட்டி எட்டு ஊடும் போயிருக்குமில்லீங்களா. நான் ஒண்ணும் சொல்லலீங்க. பாத்தேன்னு மட்டும் சொன்னனுங்க."

இளைய நண்பர்களே, இந்தத் தொழிலில் சரியான முடிவெடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நான் ஓடிய பக்கம் சரி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அதனால் ஒரு நாள்கூட ஆறுதல் கிடைத்ததில்லை. அவள் கண் முன்னால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான்.

அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, குடியிருப்பவர்களின் கவனக்குறைவு என்று ஒரே வாயில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்கு வந்த கோபத்தில் அவரை ஜீப்பிலிருந்து இறக்கிக் கேட்டேன். யாருடைய கவனக்குறைவு, சொல்லுங்கள் என்றேன். சாவுக்கு மரியாதை செய்து அடுப்பை அணைத்தவருடையதா? பூனைக்குப் பயந்து கதவைச் சாத்தியவளுடையதா? அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி வண்டியை எடுக்கச் சொன்னார்.

தெரு வேலுச்சாமி வீட்டுத் திண்ணையில் கூடிப் பேசியது. நான் போவதற்கு முன் சில யோசனைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். குரலுக்குப் பதிலாக மணி அடிக்கலாம் என்றேன். சேகண்டி அடித்துப் பிணத்தை அனுப்பிய காதில் மணியைக் கேட்டுக்கொண்டு சோறாக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். சாவு நடந்தால் மறுநாள் வரை வால்வைத் திறக்க வேண்டாம் என்றேன். பிள்ளைகள் பசியோடு கிடந்ததால்தானே அன்று அவர் ஓடிவந்து திறந்தார் என்றார்கள். நான் எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் இருந்தது, எல்லாப் பதிலும் நியாயமாக இருந்தது. கிட்டுச்சாமி அண்ணன் ஒரு மூலையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து தெய்வாத்தாளின் குரல் வந்தது. துக்கத்தில் இருக்கும் பெண் கூட்டத்துக்கு வரக்கூடாது. அவள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள்.

"என்ற பேரச் சொல்லிக் கூப்புட்டிருக்கலாமுங்களே, மாமா. நான் என்னங்க சொல்லப்போறேன்? மூடியாச்சுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

கிட்டுச்சாமி அண்ணன் எழுந்து போய்விட்டார். கடைசியில் மயிலாத்தாளின் புருஷன்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"கெணறு பொதுவுல இருக்கட்டுமுங்க. மாட்டுக் கொட்டாயும் இருந்துட்டுப் போகட்டும். அடுப்ப மட்டும் இன்னொருத்தரு கையில உட வேண்டாமுங்க."

அவரிடம் நான் என்ன வாதாட முடியும்? சேர்ந்து வாழ்வதன் அழகைப் பற்றி நான் அதுவரை நிறையப் பேசியிருந்தேன். சேர்ந்து வாழ்வது என்றால் உன் வீட்டுத் தீ இன்னொருவர் கையில் இருக்கும் என்பதும் அதில் சேர்த்தி என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்று தப்பு செய்தவர் என்று ஒருவரைக் காட்ட முடிந்திருந்தால் அந்தத் தெரு பிழைத்திருக்கும். அவரைத் திட்டிவிட்டு, வேறு ஆளிடம் வால்வைக் கொடுத்துவிட்டு, மறுபடி அடுப்பு மூட்டியிருப்பார்கள். எல்லோரும் செய்ய வேண்டியதையே செய்திருந்தார்கள். அதை எப்படித் திருத்துவது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

கிட்டுச்சாமி அண்ணன் மலைமேல் ஆனைக்கரைக்கு, ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். திரும்பி வரவேயில்லை. டிரம்முக்குச் சாணம் கரைத்து ஊற்ற ஆள் இல்லை. அது மெல்லத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. கொட்டகையையும் அப்புறம் ஒவ்வொருவராகப் பிரித்துக்கொண்டு மாட்டை அவரவர் வாசலில் கட்டினார்கள். குளித்த தண்ணீர் மட்டும் வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது, அதைத் தடுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். பொது அடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. படத்தைச் சுருட்டும் முன் அந்த மக்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: தினமும் செய்கிறதை எந்த நாளில் செய்ய மாட்டீர்கள்? உங்கள் கலனின் பாதுகாப்பு அந்த நாளைத் தாண்டுமா என்று பாருங்கள். கேட்டாலும் அவர்களுக்குச் சொல்லத் தோன்றாமல் போகலாம். சாவு வரும்வரை கிட்டுச்சாமி அண்ணனுக்கே அது தெரியாது.

அடுத்த வருடம் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அந்த வழியாகப் போக நேர்ந்தது. போகக் கூடாது என்றுதான் நினைத்தேன், கால் கேட்கவில்லை. கலன் மேட்டில் கொடி படர்ந்திருந்தது. அதன்மேல் ஒரு பெண்பிள்ளை நின்று கணீரென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் கீழே வரிசையாக நின்று மூக்கால் பதில் சொன்னார்கள். ராமாத்தா, பாப்பாத்தி, மூன்றாவதாகத் தெய்வாத்தா. அந்தப் பெயரிலும் அவள் தயங்கவில்லை. எட்டு வீட்டுக் கதவு வழியாகவும் புகை வந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டு வாசலில் ஒரு கட்டு ஈர விறகும், அதன்மேல் பரணிலிருந்து இறக்கிய கொடுவாளும் கிடந்தன.

"மயிலாத்தா, மூடியாச்சா அம்மிணி?"

பிள்ளைகள் பதில் சொல்வதற்கு முன்பே அந்த வீட்டு அடுப்படிப் புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மூடியாச்சுங்க."

அப்புறம் இருமல். அப்புறம் மறுபடி ஊதாங்குழலை ஊதும் சத்தம். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் மயிலாத்தாளைப் பார்க்காமலே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.